வட்டின் வாய்மொழி

தை மாதத்து ஹஸ்த நட்சத்திரத்தன்று எங்கள் கூரத்தில் கூரத்தாழ்வானுடைய திருநட்சத்திர உற்சவம் நடைபெறும். அதற்குச் சில தினங்கள் முன்னதாகவே வீட்டை ஒழித்து, பரண்மேல் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைப்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இவ்வாண்டு அப்படி இறக்குகையில், பெரிய அண்டா ஒன்றின் அடியிலே, ஜரிகை ஓரத்தைக் கத்தரித்து விற்றுவிட்டபின் எஞ்சிய பழைய பட்டுப் புடவைத் துண்டில் சுற்றப்பட்ட கனமான பொருளொன்று என் கைக்கு அகப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். 40 ஜி.பி. கொள்ளளவுள்ள பழைய ஹார்டு டிஸ்க். பட்டுக்குரிய அந்தக் கஞ்சி வாடையும், இரும்புக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு யந்திர வாடையும் கலந்து வந்தன. அதன் முதுகிலே ஒட்டியிருந்த காகிதத் துண்டில், என் மாமாவின் சாய்வான கையெழுத்தில், "பெரிய ஐ போட்டுப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது.

வீட்டிலிருந்தவர்கள் எவருக்கும் அந்த வாக்கியத்தின் பொருள் விளங்கவில்லை. எனக்கு மட்டும் நன்றாக விளங்கியது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமா என் தாயாரின் மூத்த சகோதரர். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அவருக்குச் சொந்தமாகத் தறி இருந்ததாயினும், அவர் நெய்த நாட்களைக் காட்டிலும் அட்டை குத்திய நாட்களே அதிகம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கூரத்திலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். விடியற்காலையில் தெரு நெடுக முளைகள் நாட்டி, பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி தடவி, சிக்கெடுத்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். பெண்களும் கிழவர்களும் சிறுவர்களும் ஒன்றுகூடிச் செய்கின்ற அந்தக் காரியம் இப்பொழுது அருகிவிட்டது. மோட்டார் வாகனங்கள் நிறைந்துவிட்ட தெருவில் பாவு விரிக்க இடம் ஏது? ஆனால் அன்று அந்த வேலை முடிகிற வரையில் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. வருகிறவர்கள் தாமாகவே இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

ஜக்கார்டு பெட்டி காஞ்சிபுரத்துக்கு வருமுன்பு, 'அடை' என்னும் முறையிலே நூல்களைக் கட்டி, அவற்றைத் தூக்கிக் கொடுத்துத்தான் புடவையில் பூவும் அன்னமும் யாளியும் எழுப்பினார்கள். 1804ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் அமைத்த யந்திரம் அந்த உழைப்பைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. துளை இருக்குமிடத்தில் இழை எழும்பும், இல்லாவிடத்தில் கிடக்கும். நெசவாளி மிதியை மிதிக்கும்போதெல்லாம் அட்டைச் சங்கிலி ஒரு படி நகரும். கட்டம் போட்ட தாளில் வரைந்த சித்திரத்தைப் பார்த்து அந்த அட்டைகளைக் குத்துவதே மாமாவின் தொழில். இங்கிலாந்திலே சார்லஸ் பாபேஜ் தமது கணக்கு யந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார் என்பதையும், அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே தொகுத்தார் என்பதையும் பிற்காலத்தில் நான் படித்துச் சொன்னபோது, மாமா வியப்படையவில்லை. "அட்டை எண்ணிக்கைதானே, எதை வேணும்னாலும் எண்ணலாம்" என்றார்.

அவர் வீட்டுத் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து நான் கண்டுகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பாவிழை அறுந்தாலும், ஜரிகைத் தார் மாறிப் போனாலும், நெய்தவர் சில ஊடைகளைப் பிரித்தெடுத்துத்தான் ஆகவேண்டும். எத்தனை ஊடை பிரித்தாரோ அத்தனை அட்டையைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். துணி பிரிந்தது பெட்டிக்குத் தெரியாது. பெட்டி சுற்றியது துணிக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனிதன் கணக்கில் ஒன்று பிசகினால், அன்னத்தின் கழுத்து ஒரு கோடு நகர்ந்து நிற்கும். அதற்கு மேலே நெய்ததெல்லாம் ஒழுங்காகவே இருந்தாலும் அந்தக் கோடு புடவை உள்ளவரையில் மறையாது. பிரித்த கையோடு யாராவது வாசலிலிருந்து கூப்பிட்டு நெசவாளி எழுந்து போய்விட்டால், திரும்பி வந்ததும் பெட்டியை நம்பி மிதிக்க மாட்டார். குனிந்து துணியைத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலாகிய கெர்னலுக்கும், ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டுக்கும் உள்ள உறவை எடுத்துச் சொல்ல இதைக்காட்டிலும் பொருத்தமான உவமை எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மாமாவுக்கு உத்தியோகம் கிடைத்தது அட்டை குத்துவதற்காகத்தான். பிறகு சித்திரம் வரைகிற வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. கணக்கும் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. கூடவே மாமாவும் போனார். பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்து நெசவாளிக்குக் கொடுப்பதும், புடவை வந்ததும் எடை பார்த்துக் கூலி போடுவதும் ஆகிய கணக்குகள் அனைத்தும் ஒரே யந்திரத்தில் இருந்தன. பி.சி. குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை அதில் நிறுவியது மாமாவும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த கெர்னல், பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் காஞ்சிபுரத்துத் தெரு ஒன்றில் ஜரிகை எடைக்குக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் உள்ளம் நிறைகிறது.

கெர்னல் என்பது யந்திரத்தின் மற்றெல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, வட்டு, நினைவகம், விசைப்பலகை முதலிய உறுப்புகளோடு நேரே பேசுகின்ற பகுதி. யந்திரம் விழித்தெழும்போது கெர்னல் வட்டை நோக்கி, "நீ யார்? உன் இயல்புகள் என்ன?" என்று கேட்கிறது. வட்டு 512 பைட்டுகளில் தன் ஜாதகத்தைத் தருகிறது: தயாரிப்புப் பெயர், வரிசை எண், கொள்ளளவு, எந்த வேகத்தில் பேச முடியும், தன்னிடமுள்ள வசதிகளில் எவையெவை இப்பொழுது இயங்குகின்றன என்பன அதில் அடங்கும். கெர்னல் அதைப் பிரதி எடுத்துத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு காரியத்துக்கும் வட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடவாது. ஆகையால் அந்தப் பிரதியைப் பார்த்தே தன் நடத்தையைத் தீர்மானித்துக்கொள்ளும். வட்டின் நிலை இடையில் மாறாதிருக்கும் வரையில் இதில் குற்றமேதுமில்லை.

ஆனால் வட்டு மாறும். அதன் இயல்புகளில் சிலவற்றை நாமே மாற்றலாம். சிலவற்றை அது தானே மாற்றிக்கொள்ளும். அவற்றுள் மிகவும் முக்கியமானது எழுத்துத் தேக்கம். ரைட் கேஷ் என்பார்கள். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றுகிற வட்டு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. எழுதச் சொன்ன ஒவ்வொன்றையும் உடனே தகட்டில் எழுதிவிட்டுத்தான் "ஆயிற்று" என்று சொல்வதென்றால், சரியான இடம் சுற்றி வரும்வரை கெர்னல் காத்திருக்க வேண்டும். ஆகவே வட்டு, தன்னுள்ளிருக்கும் சிறு நினைவில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதுமுன்பே "ஆயிற்று" என்று சொல்லிவிடும். வேகம் பல மடங்கு கூடும். நடுவே மின்சாரம் போனால், "ஆயிற்று" என்ற சொல் மட்டும் மிஞ்சும், எழுத்து மிஞ்சாது.

காஞ்சிபுரத்தில் மின்சாரம் போவது அபூர்வ சம்பவமன்று. 2012ஆம் ஆண்டிலும் அதையொட்டியும் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்ததைத் தமிழ்நாட்டார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் சொல்வது அதற்கும் முற்பட்ட காலம். அப்பொழுதும் மாலையில் விளக்கு மினுக்கி அணைவது சாதாரணம். சங்கத்து யு.பி.எஸ்.ஸின் பேட்டரி வயோதிகமடைந்திருந்தது. இவற்றையெல்லாம் உத்தேசித்து மாமா, மார்க் லார்டு என்பார் எழுதிய எச்டிபார்ம் என்னும் கருவியைக் கொண்டு, யந்திரம் கிளம்பும்போதே வட்டின் எழுத்துத் தேக்கத்தை நிறுத்திவிடும்படி ஏற்பாடு செய்திருந்தார். வேலை சற்று மெதுவாக நடந்தது. நடக்கட்டும் என்றார்.

அப்படியிருந்தும் ஒரு நாள் மாலை நேர்ந்துவிட்டது. முகூர்த்த மாதம், நெசவாளிகள் வரிசையாக நின்று நூலும் ஜரிகையும் வாங்கிப் போயிருந்தார்கள். மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். சில விநாடிகள் அலறி ஓய்ந்தது. மறுபடி யந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தால், கடைசியாகப் பதிந்த பற்றுக்கள் காணவில்லை. பதியும்போது நிரல் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லியிருந்தது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் சிலர் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் பழையபடி பேரேடே வைக்கலாம் என்றார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று, நெசவாளிகளிடமிருந்த பாஸ் புத்தகங்களைப் பார்த்து, காணாமற்போன பற்றுக்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வந்து மீண்டும் பதிந்தார். ஒருவர்கூடத் தம் புத்தகத்திலிருந்த எடையை மறைக்கவில்லை. காஞ்சிபுரத்து நெசவாளிகளின் நாணயத்துக்கு அது ஒரு சாட்சி என்று நான் கருதுகிறேன்.

பிறகு அவர் யந்திரத்தின் முன் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். எச்டிபார்ம் கருவிக்கு ஆங்கில எழுத்து சிறிய ஐயைக் கொடுத்தால், யந்திரம் கிளம்பியபோது கெர்னல் எடுத்து வைத்த பிரதியைக் காட்டும். அதில் தேக்கம் 'இயங்குகிறது' என்றிருந்தது. அதனால் ஒன்றும் விளங்காது. ஏனெனில் அந்தப் பிரதி எடுத்தபின்னரே நாங்கள் தேக்கத்தை நிறுத்துகிறோம். 'ப்ராக்' என்னும் அடைவுக்குள் கெர்னல் தன் தற்போதைய எண்ணத்தை வேறொரு பட்டியலாக வைத்திருக்கும். அங்கே தேக்கத்துக்கு நேரே பூஜ்யம், அதாவது, 'இயங்கவில்லை'. ஒரே கெர்னலின் இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

"ரெண்டு பேரும் சாட்சிதான். யாரும் கண்ணால பாக்கல. வட்டையே கேளு, மாப்ளே" என்றார்.

எச்டிபார்முக்குப் பெரிய ஐயைக் கொடுத்தால், கெர்னலின் பிரதியைப் புறக்கணித்துவிட்டு, அந்த நிமிஷத்தில் வட்டையே கேட்டுப் பதில் வாங்கிக் காட்டும். வசதிகளின் பெயர்கள் வரிசையாக வரும். இயங்குகிற வசதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அன்று காலையில் யந்திரம் கிளம்பியபோது தேக்கத்தை நிறுத்தியபின் பார்த்தோம், நட்சத்திரம் இல்லை. மத்தியானம் மறுபடி பார்த்தார். எழுத்துத் தேக்கத்தின் முன்னே நட்சத்திரம் நின்றது.

கெர்னலின் செய்திக் குறிப்புகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது. இடையில் வட்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது; கெர்னல் அதை ரீசெட் செய்திருக்கிறது; 'வெற்றி' என்றும் குறித்துவைத்திருக்கிறது. அந்த ரீசெட்டில் வட்டு தன் பிறவி இயல்புக்குத் திரும்பிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வருகையில் தேக்கம் இயங்கும் நிலையிலேயே வரும். அந்த நிலைக்குப் போய்விட்டது. அதைக் கெர்னல் அறியாது. நிறுத்தச் சொன்னோம், நின்றது என்ற பழைய எண்ணத்திலேயே இருந்துகொண்டு, தேக்கத்தில் கிடப்பதைத் தகட்டில் எழுது என்று சொல்ல வேண்டிய ஆணையையும் அவசியமில்லையென்று விட்டுவிட்டது. பொய் சொன்னவர் யாருமில்லை. வட்டு தன் விதிப்படி நடந்தது. கெர்னல் தனக்குத் தெரிந்தபடி நடந்தது. நெசவாளியின் ஜரிகைக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

வட்டிடம், ரீசெட் ஆனாலும் உன் ஏற்பாடுகளை மாற்றிக்கொள்ளாதே என்று சொல்வதற்கும் எச்டிபார்மில் ஓர் எழுத்து உண்டு: பெரிய கே. மாமா அதையும் கொடுத்தார். வட்டு பணிவோடு ஏற்றுக்கொண்டது. அதோடு நின்றிருந்தால் அவர் என் மாமா அல்லர். சங்கத்துக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரதியெடுத்து வைத்துவிட்டு, எச்டிபார்மின் கையேடு அபாயம் என்று எச்சரிக்கிற சிறிய டபிள்யூவைக் கொடுத்து வட்டை வேண்டுமென்றே ரீசெட் செய்தார். பெரிய ஐ போட்டோம். நட்சத்திரம் வந்து நின்றது. சரி என்று சொன்னதே தவிர, வட்டு சொன்னபடி செய்யவில்லை. அந்த வசதியை எல்லா வட்டுகளும் ஆதரிப்பதில்லை. அன்றே அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். கழற்றிய வட்டு கெட்டுப்போகவில்லை. ஆனால் அதை மாட்டுகிறவன் அதன் குணத்தை அறிந்து மாட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காகிதத் துண்டு.

திண்ணையில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கையில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து நாயனம் கேட்டது. ஞாபகத்துக்குப் பேர்போன மகான் ஒருவர் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் ஞாபகப் பிசகைப் பற்றி யோசிக்கிறேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. ஸ்ரீபாஷ்யம் எழுதுவதற்கு முன்பு ராமாநுஜர் போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் போனதையும், கிடைத்த ஏட்டை அங்குள்ளவர்கள் வழியிலே பறித்துக்கொண்டு போய்விட்டதையும், ராமாநுஜர் வருந்தி நின்றபோது, இரவுகளில் அதை வாசித்து நெஞ்சில் பதித்துக்கொண்டிருந்த கூரத்தாழ்வான் முழுவதையும் சொல்லத் தயாராக நின்றதையும் வைஷ்ணவ சம்பிரதாயத்தில் சொல்வார்கள். எங்கள் ஊர்க் குழந்தைகள் சோறுண்ணும்போதே கேட்டு வளர்கிற கதை அது. மூலம் போய்விட்டது, பிரதி காப்பாற்றிற்று. ஆனால் ஆழ்வான் வாசித்த ஏடு ஒரு முறை எழுதப்பட்டபின் இரவோடிரவாகத் தன் வாசகத்தை மாற்றிக்கொள்கிற ஏடு அன்று. மாறாத மூலத்துக்குத் தெளிந்த ஞாபகமே போதும். தானே மாறுகின்ற மூலத்துக்கு எத்தகைய ஞாபகமும் போதாது, மறுபடி கேட்டாக வேண்டும்.

கூரத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சியமும் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கூரம் செப்பேடுகள் சரித்திர ஆராய்ச்சியாளர் அனைவரும் அறிந்தவை. வித்யா விநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் சிவாலயத்துக்கும், அதன் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் நிவந்தம் விட்ட செய்தியை அவை சொல்கின்றன. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததையும் சொல்கின்றன. செப்பில் வெட்டிய அந்த எழுத்து ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக மாறாமல் இருக்கிறது. பாலாறோ வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாய்க் கிடக்கிறது. செப்பேட்டை மட்டும் படித்துவிட்டு ஒருவன் மடை திறக்கப் போனால் என்னாகும்? செப்பேடு பொய்யென்று நான் சொல்லவில்லை. அது எழுதப்பட்ட நாளில் நீர் ஓடியது. நான் கண்ணால் கண்டவரையில், கெர்னலின் பிரதிகளில் பிசகியவையெல்லாம் இந்த ஜாதிதான்.

காலம் போகப் போக லினக்ஸ் தானும் கற்றுக்கொண்டது. ஜெஃப் கார்ஸிக் என்பவர் எழுதிய லிப்அட்டா என்னும் பகுதி பழைய வட்டு இயக்கிகளின் இடத்தைப் பிடித்தது. எச்டிஏ என்று வழங்கிய வட்டுகள் எஸ்டிஏ ஆயின. டெஜுன் ஹியோ என்பவர் அதில் பிழை நேர்ந்தபோது மீட்கும் முறையைச் செப்பனிட்டார். அந்த மூல நிரலை நான் ஒருநாள் இரவு படித்துக்கொண்டிருக்கையில் கண்ட சில வரிகள் எனக்கு அளித்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வெளியிலிருந்து எவரேனும் வட்டுக்குத் தேக்கத்தை இயக்கு அல்லது நிறுத்து என்று ஆணையிட்டு, அது வெற்றியாய் முடிந்தால், லிப்அட்டா அதைக் கவனித்து, வட்டை மறுபடி "நீ யார்?" என்று கேட்டுப் புதிய ஜாதகத்தை வாங்கிக்கொள்கிறது. அத்தோடு நில்லாமல், தனக்கு மேலே இருக்கிற ஸ்கஸி அடுக்கிடமும் சொல்லி, அதையும் மறுபடி பார்க்கச் செய்கிறது. ரீசெட்டுக்குப் பிறகும் அப்படியே கேட்கிறது. சைக்கிளில் வீடு வீடாகப் போய் மாமா செய்த காரியத்தை இவர்கள் கெர்னலுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அப்பொழுது மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நான் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேட்டதுக்கு வட்டு பதில் சொல்லலைன்னா என்ன பண்ணுது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பின்னால்தான் விடை கண்டேன். யு.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டு வருகிற வட்டுகளில் சில, தேக்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வதில்லை. நடுவிலிருக்கும் பெட்டியின் சில்லு அந்தக் கேள்வியை விழுங்கிவிடும். அப்பொழுது கெர்னல், 'தேக்கப் பக்கம் காணப்படவில்லை' என்றும், அடுத்த வரியில், 'வட்டு ரைட் த்ரூ என்று கொள்கிறேன்' என்றும் குறித்துவிட்டு மேலே போய்விடும். ரைட் த்ரூ என்றால் தேக்கமில்லை, எழுதியபின்தான் ஆயிற்று என்று சொல்லும் வட்டு என்று அர்த்தம். உள்ளே இருப்பது அப்படிப்பட்ட வட்டுத்தானா என்பதற்குப் பிரமாணம் ஒன்றுமில்லை. தெரியாத இடத்தில் அபாயமில்லையென்று அனுமானிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எவர் என்னிடம் வெளி வட்டு கொண்டுவந்தாலும் அந்த வரியை முதலில் தேடுகிறேன்.

வட்டைப் பிரித்துப் பாகம் போடுகிறவர்கள் வேறொரு வகையில் இதே விஷயத்தை அறிவார்கள். எஃப்டிஸ்க் என்னும் கருவியைக் கொண்டு, இயங்கிக்கொண்டிருக்கும் வட்டின் பாகப் பட்டியலை மாற்றி எழுதினால், வட்டில் புதிய பட்டியல் ஏறிவிடும். ஆனால் கெர்னல், வட்டு உபயோகத்திலிருப்பதால் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அறிவிக்கும். அங்கே கெர்னல் தன் அறியாமையை ஒளிக்காமல் சொல்கிறது. அதனால் அபாயம் குறைவு.

அண்மையில் காஞ்சிபுரத்தில் புடவைச் சித்திரங்கள் தயாரிக்கும் கூடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இப்பொழுதெல்லாம் இளைஞர்களுக்குத் தமிழிலேயே இவ்விஷயங்களைப் படிக்க வழியிருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரும், 2012இல் தொடங்கிய கணியம் இதழும் செய்து வருகிற தொண்டு சாதாரணமானதன்று. என் இளமையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும்! அந்தக் கூடத்தில் யந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் தம்பி சுறுசுறுப்பானவர். தகவல்தளம் மெதுவாக ஓடுகிறதென்று, எங்கோ கண்ட யோசனைப்படி, சிஸ் அடைவிலே வட்டின் வரிசைக்குள் இருக்கும் ரைட் கேஷ் என்னும் கோப்பில் 'ரைட் த்ரூ' என்று எழுதிவிட்டதாகவும், வேகம் மிகவும் கூடியிருப்பதாகவும் சந்தோஷமாகச் சொன்னார்.

"தம்பி, வட்டோட தேக்கம் நின்னுடுச்சா?"

"ஆமாங்க ஐயா, ரைட் த்ரூன்னுதான் காட்டுது."

"தேக்கம் நின்னா வேகம் குறையணுமே. கூடியிருக்குதே?"

அவர் யோசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கோப்பில் எழுதுவது வட்டின் நிலையைத் தொடுவதேயில்லை. வட்டைப் பற்றிக் கெர்னல் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை மட்டும் மாற்றுகிறது. தேக்கமில்லை என்று நம்பிவிட்ட கெர்னல், தேக்கத்தைத் தகட்டில் இறக்கு என்னும் ஆணையை அனுப்புவதையே நிறுத்திவிடும். காத்திருக்க வேண்டியதில்லை, அதுதான் அந்த வேகம். வட்டோ முன்போலவே வாங்கி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கெர்னலோடு வருகிற ஆவணமே இதை எச்சரித்திருக்கிறது. ஸ்கஸி வட்டுகளுக்கு கேஷ் டைப் என்று வேறொரு கோப்பு உண்டு. அதில் எழுதினால் கெர்னல் வட்டிடமும் சொல்லி மாற்றச் செய்யும். முன்னால் 'டெம்பொரரி' என்னும் சொல்லைச் சேர்த்தால் மட்டும் வட்டைத் தொடாமல் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு சொல்லின் வித்தியாசந்தான், ஆனால் மின்சாரம் போகும் மாலையில் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் கூலி.

இவற்றையெல்லாம் சொல்லி, எச்டிபார்முக்குப் பெரிய ஐயைக் கொடுக்கச் சொன்னேன். நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது. தம்பி அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பழைய மதிப்பையே கோப்பில் திரும்ப எழுதினார். பிறகு தகவல்தளம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதை இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சேமித்துக்கொண்டிருந்தது நிரல். ஒரு சித்திரம் முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாக்கினோம். வட்டைத் தொடாமலே வேலை விரைவாயிற்று.

வெளியே வருகையில் பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அட்டைச் சங்கிலி இல்லை. தறிமேல் மின்னணு ஜக்கார்டு, அதன் பக்கத்தில் சிறிய திரை. அப்பொழுதுதான் மின்சாரம் போய் வந்திருந்தது. திரையில் எத்தனையாவது ஊடை என்னும் எண் தெரிந்தது. யந்திரம் அதை மறக்காமல் வைத்திருந்தது. தறியிலிருந்த பெரியவர் அந்த எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் தள்ளிவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துணிமேல் வைத்துக் குனிந்து, விரல் நகத்தால் ஜரிகை இழைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "மூணு ஊடை முன்னால நிக்குதுங்க. கரண்டு போனப்போ பிரிச்சுக்கிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பின்னோக்கும் விசையை மூன்று முறை அழுத்தி, மிதித்து, எழும்பிய இழைகளைச் சித்திரத்தோடு ஒத்துப் பார்த்தபிறகே நாடாவை ஓட்டினார்.